மார்கழியில் மட்டும் எடுக்காத வண்டி

மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்கழி மாதத்தில், புதுச்சேரியில் எங்கள் தெருவில் நடந்தது இது. என் மருமகள் பிக்கப் வண்டி ஓட்டுகிறாள். விடியுமுன் கிளம்பி, பாகூர் பக்கத்துக் கொல்லைகளில் கீரை ஏற்றிக்கொண்டு வந்து பெரிய மார்க்கெட்டில் இறக்குவாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன் இல்லாத வீட்டுக்கு இந்த வண்டிதான் ஆம்பிளை என்று நான் பெருமை பேசுவேன். "அப்ப நான் யாரு அத்த?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள்.

மற்ற மாசமெல்லாம் வண்டி வாசலில் நிற்கும். மார்கழியில் அந்த இடம் என் கோலத்துக்கு. தெருவை அடைத்துப் போடுவேன். யாரும் எழுந்திருக்குமுன் என் கோலம் முடிந்திருக்க வேண்டும். அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தவள் இல்லை. அதனால் மாசம் முழுக்க வண்டி தெருமுனையில், வாய்க்கால் பாலத்துக்கு ஏறும் சரிவில் நிற்கும்.

அந்த வருஷம் மார்கழி பிறந்ததும் வண்டி சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. விடியற்காலையில் சாவியைத் திருகினால் இருமும், இழுக்கும், எடுக்காது. தெருவெல்லாம் பனி. எங்கோ கோயிலில் பாட்டு, அதற்கும் பின்னால் கடல் இரைச்சல். கண்ணாடியெல்லாம் பனி பூத்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் தூக்கம் கலையாத மாடு மாதிரி இருக்கும். அதட்ட மனசு வராது. திருகித் திருகி ஒருவழியாய் எடுப்பதற்குள் வெயில் வந்துவிடும். அவள் போய்ச் சேரும்போது கொல்லைக்காரர்கள் வேறு வண்டியில் கீரையை அனுப்பியிருப்பார்கள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். டீசல் வண்டி, உள்ளே சூடு ஏறினால்தான் எடுக்கும், குளிருக்கு அப்படித்தான் என்றார். ஹீட்டர் பிளக்கை மாற்றினார். பேட்டரி முனையில் உப்புக்காற்றுக்குப் பச்சையாய்ப் பூத்திருந்ததைச் சுரண்டினார். மறுநாளும் அதே கதை. ஒரு ராத்திரி தன் ஷெட்டில் நிறுத்திப் பார்த்தார். அங்கே முதல் திருகலிலேயே எடுத்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வந்ததும் பழையபடி படுத்துக்கொண்டது.

அதோடு தெருவுக்கு வாய் திறந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி குழாயடியில் என் காதுபடவே சொன்னாள்: "அங்க எடுக்குது, இங்க எடுக்கலன்னா இன்னா அர்த்தம்? ஓட்டறவ கைராசிதான்." வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். வண்டிக்கு மட்டுமா சுற்றினேன், மருமகளையும் நிற்கவைத்துச் சுற்றினேன். அவள் நின்றாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகன் போனில் அவளிடம், பொங்கல் கழிந்ததும் வண்டியை விற்றுத் தள்ளிவிடலாம், நீ பழையபடி கம்பெனிக்கே போ என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. துப்பட்டா முனையால் வண்டிக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்டு, தானே கற்றுக்கொண்டு ஓட்டிய வண்டி அது.

அந்தச் சமயத்தில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு என்பதால் வாசலில் கோலம் இல்லை. சாயங்காலம் வந்தவள், "கோலந்தான் இல்லியே அத்த, வண்டிய இங்கியே வுட்டுடவா?" என்றாள். விடு என்றேன்.

விடிந்தபோது இருந்த பனி மாதிரி அந்த வருஷம் வேறு நாள் பார்க்கவில்லை. எதிர்வீட்டு விளக்கு தண்ணீரில் விழுந்த மஞ்சள் மாதிரி கரைந்து தெரிந்தது. அவள் சாவியைத் திருகினாள். எடுத்துவிட்டது. நம்பாமல் அணைத்துவிட்டு மறுபடி திருகினாள். மறுபடியும் எடுத்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பனிக்குள் போனாள். சிவப்பு விளக்கு கொஞ்சதூரம் மிதந்து, மறைந்தது.

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தெரு முழுக்க ஈரம். வண்டி நின்ற இடம் மட்டும் காய்ந்து, வண்டி அளவுக்கு வெளுப்பாய்க் கிடந்தது. என் கோலத்தின் இடம் அது. கனவில் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பனி பாலத்திலும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். இங்கே தரை சமம். ஷெட்டிலும் சமம். பாலத்துச் சரிவில் மட்டும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

மெக்கானிக்கிடம் அதையே சொன்னேன். "தம்பி, பனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. மேட்டப் பாத்து நிறுத்தினாதான் இந்தச் சங்கடம்." அவர் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி வண்டியைச் சரிவிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, விடியலில் வந்தார். டீசல் வரும் வழியில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு குழாயைச் சேர்த்தார். மருமகள் சாவியைத் திருக, டார்ச் வெளிச்சத்தில் குமிழி குமிழியாக மணி கோத்த மாதிரி காற்று போனது. அத்தனை அழகாக இருந்தது.

ரப்பர் பைப் ஒன்று மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது. டீசல் வெளியே சொட்டாது, ஆனால் காற்று உள்ளே போகும். மூக்கு மேலே இருந்தால் ராத்திரியெல்லாம் டீசல் சத்தமில்லாமல் டேங்குக்கே இறங்கிவிடும். "இத்தினி நாளா காத்தக் குடிச்சிட்டு நின்னிருக்குது ஆயா," என்றார். விரல் நீளப் பைப்பை மாற்றினார். மறுநாள் அதே சரிவில், அதே பனியில், முதல் திருகலில் எடுத்தது.

மருமகள் போனில் மகனிடம் பேசியது காதில் விழுந்தது. "வண்டி எங்கியும் போவல. அத்ததான் கண்டுபுடிச்சாங்க," என்றாள். வண்டியை மேட்டுக்கு அனுப்பியதும் அத்தைதான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மார்கழியிலும் வண்டி வாசலில்தான். அவள் கிளம்பின பிறகு, அந்தக் காய்ந்த இடத்தில் தண்ணீர் தெளித்து முதல் புள்ளி வைக்கிறேன். தெருவில் என் கோலம்தான் கடைசி. யாரையாவது சரியில்லை என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம், அவர்களை நாம் எங்கே நிறுத்தி வைத்தோம் என்று அந்தப் புள்ளி என்னைக் கேட்கிறது.