உறைக் கிணற்றடியில் என் வாய் திறந்த நாள்

பீட்டர் ஐயா கிணற்றுக்குள் இடுப்புவரை மணலில் புதைந்து நின்றார். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே நாங்கள் ஒன்பது பேர். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் அப்படி நின்றதற்குக் காரணம் நான்.

சபையாரே, எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். ஜெபக்கூட்டத்தில் என் முறை வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்தில் இருப்பவர் தொடங்கிவிடுவார். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன்.

எங்கள் பக்கத்து நிலக்கரி மைன்ஸில் முதல் கரி எடுத்ததற்கு மறு வருஷம் அது. பங்குனி மாதம், வியாழக்கிழமை. எங்கள் ஊர் நிலமெல்லாம் மைன்ஸுக்குப் போய்விட்டதால், முத்தாண்டிக்குப்பம் போகும் பாதை ஓரம் குடிசை போட்டிருந்தோம். குடிக்கத் தண்ணீர் இல்லை. பெண்கள் ஒரு மைல் நடந்து குடம் சுமந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பீட்டர் ஐயாவும் மார்த்தா அம்மாவும் எங்களுக்குக் கிணறு வெட்ட வந்தார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல் வயது. பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய காலத்தில் கடல் தாண்டி வந்தவர்கள். வேதாகமத்தைப் படித்தே தமிழ் கற்றவர்கள். "ஏசடியான், இங்கே வாரும், உட்காரும்" என்று என்னைக் கூப்பிடுவார் ஐயா. என்னோடு மண் வெட்டிய கோவிந்தன் சிரிப்பான்: "கூத்துல ராசா பேசற மாதிரியே பேசறாருப்பா!"

நாங்கள் வெட்டியது உறைக் கிணறு. வட்டமான சிமெண்டு உறையை வைத்து, அதன் அடியில் மண்ணைச் சுற்றிலும் சமமாக அள்ள வேண்டும். உறை தானாக இறங்கும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். அன்று காலை ஆறாவது உறை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். அடியில் மணல் சோறு கொதிப்பதுபோல் குமிழ் விட்டது. மணல் கொதித்தால் உள்ளே ஆள் இறங்கக் கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"நானே இறங்கிப் பார்க்கிறேன்" என்று ஐயா கயிற்றைப் பிடித்தார்.

கிணற்றில் கால் வைத்தவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது எங்கள் பக்கம் ஆகாது. அந்த வார்த்தையே ஆளை விழுங்கிவிடும் என்பார்கள். அதுவும் வெள்ளைக்கார ஐயாவிடம் நான் எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் இறங்கினதும் மணல் பொங்கியது. உறை ஒரே பக்கமாகச் சாய்ந்து அவர் காலை நசுக்கியது. கயிறு கட்டி இழுத்தோம், அலறினார். மணலை அள்ளினோம், அள்ள அள்ள இரண்டு பங்கு வந்தது. தண்ணீர் மார்புக்கு வந்துவிட்டது. மார்த்தா அம்மா விளிம்பில் குப்புறப் படுத்து, அவர்கள் பாஷையில் அவரோடு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏசடியான், ஜெபம்பண்ணும். எனக்குத் தமிழ் மறந்துபோயிற்று."

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். முழங்காலில் விழுந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"ஆண்டவரே, மணல் கொதிக்கறது காலையிலியே எனக்குத் தெரியும். நான் சொல்லல. என் தப்புக்கு அவர எடுத்துக்காத. எங்களால ஒண்ணும் முடியல."

கோவிந்தன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "தெரிஞ்சிகினேவாடா வுட்ட?"

நான் அழுதேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் அவர் அக்குள்வரை ஏறியது.

அப்போது பஸ் சத்தம் கேட்டது. மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றி வந்த பஸ். அது எந்நாளும் எங்கள் மண் பாதையில் வந்ததில்லை. அன்று பெரிய ரோட்டில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததால் டிரைவர் இப்படித் திருப்பியிருக்கிறார். கூட்டத்தைப் பார்த்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பகுதியில் வேலை செய்பவர். திருநெல்வேலிக்காரர்.

"ஏ, யாரும் மணல அள்ளாதீங்க! தண்ணி தள்ளுதுல்லா, அதான் மணல் வருது. வெளிய சுத்திக் குழாய் எறக்கித் தண்ணிய இறைங்க. மணல் நின்னுரும்."

அருகில் கான்ட்ராக்ட் வேலை நடந்த இடத்திலிருந்து பம்பும் குழாய்களும் பஸ்ஸிலேயே வந்தன. பம்பு ஓட ஓடக் கிணற்றுத் தண்ணீர் இறங்கியது. மணல் கொதிப்பது நின்றது. வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் கருப்பு அப்பிய உடம்போடு மாறி மாறி மண் அள்ளினார்கள். பொழுது சாய்வதற்குள் ஐயாவைத் தூக்கிவிட்டோம்.

ஐயாவின் கால் பிறகு நேராகவே ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் அறிந்திருந்தீர்."

"ஆமாங்க ஐயா."

"இனிமேல் என்னிடத்தில் சொல்லும்."

தங்கள் தேசத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லிக் கடிதங்கள் வந்தும் அவர்கள் போகவில்லை. ஐயா கோல் ஊன்றி வந்து, கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முறை ஆள் இறங்கும் முன்னும், "ஏசடியான், சொல்லும்" என்பார். இறங்கலாமா கூடாதா என்று எல்லார் முன்னாலும் நான் சொல்ல வேண்டும். இரண்டு தடவை 'வேண்டாம்' என்றேன். ஆடி மாதம் கிணறு முடிந்து, குடிக்கத் தெளிந்த தண்ணீர் கண்டோம்.

அன்பானவர்களே, உங்களுக்கும் கை ஓய்ந்து, வார்த்தை வராத நாள் வரலாம். அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். மறைத்ததைச் சொல்லுங்கள், முடியவில்லை என்று சொல்லுங்கள். எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அதையே ஆண்டவர் கேட்டார். அவருக்கே நன்றி.