மர்த் படிக்கும் பிரெஞ்சு

"போன்ழூர் மிஸ்யே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டேதான் மர்த் கொடுவா மீனின் செதிலைச் சுரண்டுவாள். செதில் தெறித்து என் சட்டையில் ஒட்டும். "தள்ளி நில்லு தம்பி. ஆட்டோ ஓட்டப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கை வெட்டும், வாய் பாடம் படிக்கும். வாத்தியார் ஜான்-பத்திஸ்த். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஆள். அப்படிப்பட்டவர்களை, ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம்.

இந்த வயதில் பிரெஞ்சு எதற்கு? இவள் மகன் பாஸ்கால் காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறான். நகைக்காக ஒரு கிழவரையும் அவர் பெண்டாட்டியையும் கொன்றவன். கோர்ட்டு தூக்கு என்றது. அப்பீல் சென்னையில் நிற்கிறது. மகனை நல்லவன் என்று மர்த் ஒரு நாளும் சொன்னதில்லை. "பண்ணது பாவம்தான். உள்ளயே கெடந்து சாவட்டும். கயித்துல வாணாம்" என்பாள்.

தீர்ப்பு வந்த சமயம் சொல்தா சும்மா இருக்கவில்லை. "எங்க பிரான்சுல தலைய வெட்டுறதுக்குன்னே மிஷினு இருந்துச்சி. எண்பத்தொண்ணுல சட்டத்தையே எடுத்துட்டான்" என்று சொல்லிவிட்டார். மர்த் அதைப் பிடித்துக்கொண்டாள். பிரெஞ்சுக்காரன் போன காலத்தில் அவள் பெரியப்பா நான் பிரெஞ்சுப் பிரஜை என்று எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதைச் சரிபண்ணி மகனைப் பிரெஞ்சுக்காரனாக்கிவிட்டால் யாரும் தூக்கில் போட முடியாதாம்; அதைப் போய்க் கேட்கத்தான் இந்தப் பாடம். இப்படி ஒரு யோசனை எங்கள் ஊர்க்காரிக்குத்தான் வரும். பக்கத்தில் மீன் வெட்டும் சின்னக்கண்ணு, "பாரீசு போனா என்னையும் கூட்டிட்டுப் போடி, அங்கயும் மீனு வெட்ட ஆள் வேணும்ல" என்பாள். மர்த் சிரித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போவாள்.

அது நடக்காது என்று சொல்தாவுக்குத் தெரியும். என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்ல மனுஷனுக்கு வாய் வரவில்லை.

நேற்று வக்கீலே மர்த்திடம் சொல்லிவிட்டார். இங்கே செய்த கொலைக்கு இங்கே உள்ள சட்டம்தான், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும்.

இன்று காலை சொல்தா சங்கரா மீன் பையை நீட்டிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். மர்த் பாடம் கேட்கவில்லை. பாதி மீன் வெட்டியான பிறகுதான் பேசினாள்.

"ஏண்ணே, எண்பத்தொண்ணுல எடுத்தான்னியே. அப்ப தலை போறதுக்குன்னு உள்ள குந்தியிருந்தவனுங்க என்ன ஆனானுங்க?"

"ஒருத்தனையும் வெட்டல. ஆயுள்னு மாத்திட்டான்."

"ஊரு ஜனம் ஒத்துக்கிச்சா?"

"எங்க? பாதிக்கு மேல வெட்டணும்னுதான் நின்னாங்க."

"அப்பவும் எடுத்தான்."

"எடுத்தான்."

"அப்ப இங்கயும் ஒரு நாளு எடுப்பான்" என்றாள். "அது வரைக்கும் எம்புள்ள இருக்கணும்."

மர்த் கத்தியை ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். மீன் பையோடு நாங்கள் நாலைந்து பேர் காத்து நின்றோம். "மொதல்லேர்ந்து சொல்லுண்ணே. சட்டத்த எடுக்கச் சொல்லி யாரு போயி யார்கிட்ட கேட்டா?" என்றவள், பின்னால் கிடந்த வாளியைக் கவிழ்த்து, அதன் ஈரத்தை முந்தானையால் துடைத்து, சொல்தா உட்கார அவர் பக்கம் தள்ளினாள்.