அளவெடுத்த கோயில்

அளவெடுத்து, கோடு போட்டு, கீழே திகதியும் எழுதிவிட்ட கட்டிடத்தை எவனும் இடிக்கமாட்டான் என்று நான் நம்பினேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், வீட்டுப் பிளான் வரைந்தே சோறு தின்கிறவன் இப்படி நம்பினான் என்றால் ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரித்துவிட்டே மேலே போகலாம். மலாக்காவுக்கு வந்த புதிதில் நகரத்துச் சிவப்புக் கிறிஸ்தவக் கோயிலின் செம்புறைக்கல் சுவரை முழங்கையால் அளந்துகொண்டு நின்றேன். சுவரின் கனம் என் கை நீளத்துக்கும் மேலே. உத்தரம் ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒற்றை மரம். சுவரைத் தடவியபடி நான் நெளிவதைப் பார்த்த ஊழியர் ஒருவர் இரக்கத்தோடு, "அங்கிள், தண்டாஸ் பெலாக்காங்" என்றார். கழிப்பறை பின்னால் இருக்கிறதாம். மறுத்துச் சொல்ல மலாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் போய் வந்தேன்.

இந்தப் பைத்தியம் யாழ்ப்பாணத்தில் பிடித்தது. எங்கள் கடற்கரைக் கோயில் ஷெல் விழுந்து தரைமட்டமானது. சண்டை ஓய்ந்து திரும்பக் கட்டுவதற்குக் கூட்டம் போட்டபோது, தூண் எத்தனை என்று பங்குச் சுவாமியார் கேட்டார். எட்டு என்றார் ஒருவர், பத்து என்றார் அவருடைய தம்பி. யன்னல் வளைவு கூரா வட்டமா என்பதில் இரண்டு குடும்பங்கள் கதைப்பதை நிறுத்திவிட்டன. ஞாயிறு தவறாமல் அந்தத் தூணில் சாய்ந்து தூங்கிய எனக்கும், படவரைஞன் என்று மார்தட்டிய எனக்கும், ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் கொழும்பில் இருந்து ஒரு பிளான் வந்தது. மாபிள் போட்ட கல்யாண மண்டபம். உள்ளே ஆண்டவர் இருக்கிறார் என்று நம்புவது எங்கள் பொறுப்பு. அன்றிலிருந்து அளவு நாடா இல்லாமல் நான் பூசைக்குப் போனதில்லை.

என் மனைவி ரெஜினா மலாக்காவிலேயே ரெம்பியா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டத்துக் கோயிலை முதலில் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். முகப்பு மட்டும் நகரத்துக் கோயிலைப் பார்த்துத் தகரத்தில் வெட்டி நிறுத்தியது. அதன் பின்னால் பலகைச் சுவர். தோட்டத்துத் தச்சர்களுக்குக் கட்டத் தெரிந்த பெரிய கட்டிடம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் ஒன்றுதான். அதனால் கோயில் கூரை உச்சியிலும் புகை போக ஒரு திறப்பு. சாம்பிராணி அழகாக வெளியேறும். "இதுக்கு ஷெல் தேவையில்லை. ஒரு தும்மல் காணும்" என்றேன். ரெஜினா சிரிக்கவில்லை.

தோட்டத்தை வீடு கட்டி விற்கும் கம்பெனி ஒன்று வாங்கியது. கோயிலும் இடிபடும், நிலம் நமதில்லை என்று பங்குச் சாமியார் கையை விரித்தார். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் ஏற்கெனவே காலி. அவள் பிறந்த இடத்தில் மிச்சமிருந்தது அந்தப் பலகைக் கோயில் மட்டும். ஏணி, நாடா, பென்சில் எல்லாவற்றையும் காரில் ஏற்றினேன்.

"என்னங்க, கோயிலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள்.

"வரைஞ்சு வைச்சால் தொடமாட்டாங்கள்."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"அப்ப சரி லா."

ஆனாலும் வந்தாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள். பீடத்துப் படிக்கு முன்னால் நின்று, "இங்கதான் எங்கப்பா சவப்பெட்டிய வெச்சாங்க. அதையும் போட்டுக்குங்க" என்றாள். கதவுக்குக் குறியீடு உண்டு, கழிவுநீர்க் குழாய்க்கு உண்டு, இதற்கு இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

படம் முடிந்ததும் கம்பெனி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். சீன இளைஞன் ஒருவன் மேசை முழுக்க விரித்துப் பார்த்தான். தூண், உத்தரம், எந்த மூலையில் கூரைப் பாரம் இறங்குகிறது, எல்லாம் இருந்தது. "வெரி டீட்டெய்ல் லா, அங்கிள். சேவ் அஸ் எ லாட் ஆஃப் டைம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிரதி கேட்டான். கேட்காத இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு வந்து, கோயில் தப்பியது என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

"எதுக்கு டைம் மிச்சமாகுதுன்னு கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை.

மண்வாரி இயந்திரம் வந்த காலையில் ரோட்டோரம் நின்றோம். ஓட்டுநரின் மடியில் என் படம் பின்மூலை மேலே தெரிய மடித்துக் கிடந்தது. பின்மூலைத் தூணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம்.

"உங்க ஊர்க் கோயில் விழுந்தப்போ பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை. அதுக்கு முதலே ஓடிட்டம்."

"நாமளும் போயிரலாமா?"

ஓடிப் பழகிய கால்தான். அன்றைக்கு அசையவில்லை. பின்மூலைத் தூணில் சங்கிலி போட்டு இழுத்தார்கள். கூரை இறங்கியது, பிறகு பலகைகள், கடைசியில் தகர முகப்பு. மத்தியானத்துக்கு முன்னால் லொறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.