கேனர் வீட்டு அடுப்படிக்கு ஒரு வழி

எங்கள் கில்காரோவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் செய்தித்தாள் வாங்குவதில்லை. கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டிவிட்டுப் பிழைப்பவளுக்கு அது வீண் செலவு. நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொட்டியில் சாய்த்ததும் எல்லோருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதில் முதல் ஆள் அட்ராக்டா ஹீவி. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இன்றுவரை என் வெள்ளிக்கிழமை காலையைத் தின்றுகொண்டிருப்பவள்.

“டிம்ப்னா, என் வீட்டுக்கு ஆளுங்க வராங்க. அர்ஜென்டினாவிலேர்ந்து.”

“அங்க உனக்கு யாருடி இருக்கா?”

“எனக்கு அங்க யாரும் இல்ல. அவங்களுக்கு இங்க யாரும் இல்ல. அதான் வராங்க.”

விஷயம் இதுதான். நாலு தலைமுறைக்கு முன்னால் ஆடு மேய்க்க எங்கள் வெஸ்ட்மீத் கவுண்டியிலிருந்து அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறிய கூட்டத்தில் கேனர் என்று ஒருவன் இருந்திருக்கிறான். அவன் வம்சத்தில் வந்த மார்செலா என்ற டீச்சர் சர்ச் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். இப்படிப்பட்ட போன்களை அங்கே அட்ராக்டா பக்கம் தள்ளிவிடுவார்கள், பொறுமையாகப் பேச ஊரில் வேறு ஆள் கிடையாது. மார்செலாவின் அப்பா செவெரினோவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கேனர் வீட்டு அடுப்படியில் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. நம் ஆள் யோசிக்காமல், “ஜூலையில வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன், என் வீட்டிலேயே தங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். அவர்களும் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சதுப்பில் கரிமண் வெட்டி எடுக்கும் ஆலை ஓடிய காலம் முழுக்க அதன் சமையற்கூடத்தில் இருந்தவள் அவள். இருநூறு முந்நூறு ஆண்களுக்கு உருளைக்கிழங்கு உரித்துப் பன்றிக்கறி வேகவைத்து, “தட்டைக் காலி பண்ணாம எந்திரிச்சா மண்டையை உடைப்பேன்” என்று கரண்டியைக் காட்டி மிரட்டியவள். ஆலையை மூடினார்கள். அடுத்த வருடம் அவள் புருஷன் ஃபின்டனும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. ஒருநாள் முடி காய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னாள், “ஒரு உருளைக்கிழங்கை எப்படி டிம்ப்னா வேகவைக்கிறது? பாத்திரத்துல அது தனியா உருளுற சத்தம் இருக்கே, எனக்குத் தாங்கல.” அன்றைக்கு அவளிடம் நான் காசு வாங்கவில்லை.

இப்போது அவளைப் பார்க்க வேண்டுமே. பின்கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்தாள், பிடிக்காமல் பச்சை அடித்தாள். கறிக்கடையில் நின்று பெரிய விவாதம். மாட்டுக்கறியிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கு நம் மாட்டுக்கறியை வைத்தால் சிரிப்பார்களா? கடைசியில் பன்றித்தொடையும் முட்டைக்கோசும் என்று முடிவாயிற்று. முல்லிங்கர் ரயிலடியிலிருந்து என் காரில் எந்த வழியாகக் கூட்டிவருவது என்பதற்கு இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். பெட்ரோல் என்னுடையது.

எல்லாம் சரி. ஆனால் அந்த அடுப்படி இருப்பது அல்டன் ஸ்கேலியின் கீழ் வயலில். கூரை எப்போதோ போய்விட்டது. ஒரு சுவரும், புகைபோக்கியும், அடியில் அடுப்புக்கல்லும்தான் மிச்சம். வயலுக்கு ஒரே ஒரு கேட். அதில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. அட்ராக்டாவைக் கண்டால் அல்டன் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

காரணம் கால்பந்து, கையாலும் ஆடுகிற, புள்ளிக் கணக்கு உள்ள எங்கள் ஊர்க் கால்பந்து. எங்கள் கவுண்டியில் நிலத் தகராறில்கூட அண்ணன் தம்பி சமாதானமாகிவிடுவார்கள், கால்பந்தில் நடக்காது. இருபது வருடத்துக்கு முன் எங்கள் கிளப் இறுதியாட்டத்துக்குப் போயிற்று. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர் ஃபின்டன் ஹீவி. அல்டனின் மகன் கஹலை அன்று காலையில் வெளியே உட்காரவைத்தார். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அன்றோடு சரி, ஸ்கேலி வீட்டுக்கும் ஹீவி வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. கஹல் ஆஸ்திரேலியாவில் மூன்று பிள்ளை பெற்றுக்கொண்டு வழுக்கையோடு சந்தோஷமாக இருக்கிறான். அவனுக்கே அது மறந்துபோயிருக்கும். அப்பனுக்கு மறக்கவில்லை. ஃபின்டன் செத்தபோது அல்டன் வந்தார், எல்லோரையும்போல் வரிசையில் நின்று அட்ராக்டாவின் கையைப் பிடித்து, “உங்க துக்கத்துல பங்கெடுத்துக்கிறேன், மிசஸ் ஹீவி” என்றார். மறுநாள் கடையில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாவுக்கு வருவது வேறு, சமாதானம் வேறு.

தூது போக நான்தான் கிடைத்தேன். அல்டன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினேன், கன்றுக்குட்டி விலையைப் பற்றிப் பேசினேன், யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் பேசினேன். அவர் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டேன். மூன்றாவது கோப்பை டீயும் முடிந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் கால் வைக்கும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல கேனர் வீட்டுப் பேச்சை எடுத்தேன்.

“நீ வரும்போதே தெரியும்” என்றார் அல்டன். “மூணு கோப்பை குடிக்கிற ஆளா நீ?”

“பாவம், வயசானவரு. அவ்வளவு தூரத்துலேர்ந்து வராரு.”

“வரட்டும். நான் திறந்துவிடுறேன். அந்தம்மா ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். தன் புருஷன் அன்னைக்குப் பண்ணினது தப்புன்னு. ஊரைக் கூட்டிச் சொல்ல வேணாம், என்கிட்ட சொன்னாப் போதும்.”

இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. நேரே அட்ராக்டா வீட்டுக்குக் காரை விட்டேன். அவள் கேட்டாள், மாவு பிசைவதை நிறுத்தினாள், கையைத் துடைத்தாள்.

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்டி? தப்புதானே? ஊருக்கே தெரியும்.”

“எனக்கும் தெரியும். அன்னைக்கு ராத்திரியே இதே மேசையில அவர் மூஞ்சிக்கு நேரே சொன்னேன். ‘நல்ல பையனை உட்காரவச்சு ஆட்டத்தைக் கெடுத்தீங்க’ன்னேன். ஒரு வாரம் என்கூடப் பேசல.”

“அப்புறம் என்ன? அதையே அல்டன்கிட்டயும் சொல்லிட்டுப் போ.”

“அன்னைக்கு அவருக்குப் பதில் சொல்ல வாய் இருந்துச்சு. இப்ப இல்ல. ஒரு கேட்டுக்காக அவரை நான் வித்துட்டு வரமாட்டேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவருக்கு என்ன வலிக்கப்போகிறது, உயிரோடு ஒரு கிழவர் கடல் தாண்டி வருகிறாரே என்று கத்தினேன். அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். ரோட்டில் நின்றபடி தூரத்திலிருந்து புகைபோக்கியைக் காட்டி அனுப்பிவிடு என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி மாவைப் பிசைந்தாள். பிசைந்து முடிந்த பிறகும் விடாமல் பிசைந்தாள். பயந்துபோயிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த விருந்தாளிகள் வராமல் போனால் அவள் மறுபடி அந்த ஒற்றை உருளைக்கிழங்குக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்த வாரம் சதுப்புக்குப் போகலாம், காரை எடு என்றாள். ஊரில் எல்லோருக்கும் அங்கே ஆளுக்கொரு துண்டு உண்டு. குளிர்காலத்து அடுப்புக்கு வேண்டிய கரிமண்ணை வெட்டிப் போட்டிருப்பார்கள். ஈரக் கட்டிகளைக் குனிந்து குனிந்து எடுத்து, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினால்தான் காற்றுப் பட்டுக் காயும். முதுகை ஒடிக்கிற வேலை. அட்ராக்டாவின் துண்டில் எல்லாம் நிறுத்தி முடித்தாயிற்று. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தன் துண்டைத் தாண்டிப் போனாள். பக்கத்துத் துண்டில் கட்டிகள் வெட்டிப் போட்ட மேனிக்கு அப்படியே கிடந்தன, இடையில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அது அல்டனுடையது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவரால் குனிய முடியாது. கேட்டால் யாராவது செய்து கொடுப்பார்கள், ஆனால் கேட்பதற்கு அவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

“காக்கா பிடிக்கிறியாடி?” என்றேன்.

“பிடிக்கிறேன்தான்” என்றாள் குனிந்தபடியே. “அது நடக்காட்டியும் அந்த ஆளுக்குக் குளிர்காலம் வரும்ல. நின்னு வேடிக்கை பாக்காம வா.”

ரெண்டு நாள் செய்தோம். கடைக்கு லீவு விட்டேன், ரெண்டாம் நாள் என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லை. கடைசி வரிசையில் இருக்கும்போது அல்டனின் ஜீப் வந்து நின்றது. கைத்தடியை ஊன்றி இறங்கினார். நின்றிருந்த கட்டிகளையும் எங்களையும் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் வானத்தைப் பார்த்தார்.

“மழை வராது” என்றார்.

“வராதுபோலதான் இருக்கு” என்றாள் அட்ராக்டா. இருபது வருடத்தில் சாவு வீட்டை விட்டால் இதுதான் இருவருக்கும் முதல் பேச்சு.

“நான் கேக்கலையே, மிசஸ் ஹீவி.”

“கேக்கலதான்.”

“இதுக்காக நான் சொன்னதை மாத்திக்கப் போறதில்ல.”

“நானும் மாத்திக்கப் போறதில்ல, மிஸ்டர் ஸ்கேலி. எல்லாத்தையும் கவுத்துப் போட்டுட்டுப் போங்கன்னு சொன்னீங்கன்னா கவுத்துப் போட்டுட்டுப் போறேன். அவரைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

அல்டன் தடியால் ஒரு குவியலைத் தட்டினார். “இதை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வச்சிருக்கலாம். காத்துல விழும்.” என் வாயில் நல்ல வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அட்ராக்டா போய் அதைச் சாய்த்து வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், “என் பொண்டாட்டி உயிரோட இருந்து, போனது நானா இருந்தா, அவளும் இப்படித்தான் நின்னிருப்பா. கழுதை மாதிரி.”

திரும்பிப் போய் ஜீப்பில் ஏறி, கண்ணாடியை இறக்கினார்.

“அந்தக் கீழ் வயல் கேட்டு இழுத்தா வராது. கீல் போயிடுச்சு. கொஞ்சம் தூக்கித் தள்ளணும்.”

வண்டி போய்விட்டது. எங்கள் ஊரில் ‘சரி’ என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொன்னதில்லை. அட்ராக்டா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் வந்தார்கள். செவெரினோ நெட்டையாக, மெலிந்து, நல்ல தொப்பி போட்டிருந்தார். கேட்டில் சங்கிலியும் இல்லை, பூட்டும் இல்லை; தூக்கித் தள்ளினோம். கேட்டிலிருந்து சுவர்வரைக்கும் புல் அகலமாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய அல்டன் கிட்டே வரவில்லை, அடுத்த வயலில் டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு எதையோ பழுது பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தார். செவெரினோ அடுப்புக்கல்மேல் நின்றார். தொப்பியைக் கழற்றி, சுவரில் உள்ளங்கையை வைத்து, அவர்கள் மொழியில் நிறையப் பேசினார். என்ன சொல்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை, மார்செலாவும் சொல்லவில்லை. பிறகு அவரே வேலியோரம் போய் டிராக்டரைப் பார்த்துத் தொப்பியை ஆட்டினார். அட்ராக்டா என்னைத் தள்ளிவிட்டாள். “போ. சாப்பாட்டுக்கு வரணும்னு சொல்லு. வரலன்னா நான் வருவேன்னு சொல்லு.”

அல்டன் வந்தார், சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு. அதற்குள் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். அட்ராக்டா மேசை முழுக்கப் பாத்திரங்களைப் பரப்பி, செவெரினோவின் தட்டில் மூன்றாம் முறை கறி வைத்து, அவர் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்டக் கரண்டியைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று.

“நான் உட்காரல” என்றார் அல்டன், வாசலிலேயே நின்று. “மாடு காத்துக்கிட்டிருக்கு. சும்மா தலையைக் காட்டிட்டுப் போகலாம்னு.”

மேசையில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது, ஜன்னலோரம், கை வைத்தது. அவர் அதைப் பார்த்தார்.

“அது ஃபின்டனோடதா?”

“ஆமா” என்றாள் அட்ராக்டா, முட்டைக்கோசை அள்ளிக்கொண்டே. “உட்காருங்க. உங்க பையனை வெளிய உட்காரவச்ச தப்புக்கு, அப்பனுக்காவது அவர் இடம் கொடுக்கட்டும்.”

என் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது. மார்செலாவும் அவள் அப்பாவும் முன்கதை தெரியாமல் சிரித்தபடி எங்களைப் பார்த்தார்கள். அல்டன் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலிக்கிற காலை நீட்டி, அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“அட்ராக்டா, அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க” என்றார்.