முந்தானை ஒத்தடம்

மாலை நாலேகால் மணிக்கு மாட்டுங்கா மார்க்கெட் முனையில் முதல் குண்டு வெடித்தது. பள்ளியிலிருந்து மகளை அழைத்து வந்துகொண்டிருந்தேன். மதராஸிகளின் கடைகள் மேல் கல்லெறிந்த கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகை. யுத்தத்தில் பதுங்குகுழிகளுக்குள் இப்படிப் புகையை விட்டார்கள் என்று படித்திருக்கிறேன். ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது என்று அந்தப் பாடத்தில் இல்லை. அவள் முகத்தை முந்தானையால் மூடி இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்குள் வந்தும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எரியறதும்மா, எரியறது."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தினமும் என்னிடம் உறைமோர் வாங்கிப் போகிறவர்கள். உள்ளே யாரோ இருமினார்கள், தாழ்ப்பாள் அசையவில்லை. அந்த மாடியில் மதராஸிகள் நாங்கள் மட்டும்தான் என்பது அந்த இருமலில்தான் எனக்கு உறைத்தது. கணவர் டிராம்பேயில் வேலையில் இருந்தார். பஸ்கள் நின்றுவிட்டன.

கண்ணில் தூசி விழுந்தால் எங்கள் வீடுகளில் செய்வதைச் செய்தேன். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றினேன். அலறினாள். மறுபடி ஊதி ஒற்றினேன். கையைத் தட்டிவிட்டு இன்னும் அலறினாள். பார்வை போய்விட்டது என்றே நினைத்தேன். அதே முந்தானையால் என் கண்ணைத் துடைத்தபோதுதான், மிளகாய்ப் பொடியை அப்பியது போல் இருந்தது. தெருவில் குடித்த புகையெல்லாம் புடவையில்தான் இருந்தது. இன்றும் யாராவது புடவைத் தலைப்பை ஊதினால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

புடவையை உருவிப் பால்கனியில் எறிந்தேன். காலையில் பிடித்து வைத்த தண்ணீர் முழுவதையும் அவள் தலையிலும் என் தலையிலும் கொட்டினேன். வேறு உடுத்திக்கொண்டு, ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார்ந்தோம்.

"கொஞ்சம் திறந்து பாரேன், கண்ணா."

"மாட்டேன். நீ திருப்பி ஊதுவே."

விளக்கேற்றும் நேரத்தில் கணவர் நடந்தே வந்து சேர்ந்தார். வேளைகெட்ட வேளையில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு அழும் எங்களைப் பார்த்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சாவுச் செய்தி வந்தால்தான் நாங்கள் அப்படிக் குளிப்போம்.

"யாரு போயிட்டா? ஊர்லேர்ந்து தந்தியா?"

அப்பாவின் குரலுக்கு மகள் ஒரு கண்ணை மட்டும் இடுக்கித் திறந்தாள்.

"ஐயே, அப்பா ஒத்தைச் செருப்போட வந்திருக்கார்!"

"எந்தக் கால்லடி? சொல்லு, எந்தக் கால்ல?" அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இடது கால்ல."

சரியாகச் சொன்னாள். நான் வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். அவர் இன்னும் நிலையைப் பிடித்தபடியே நின்றார்.

"செருப்பு கிடக்கட்டும்டி. போனது யாருன்னு சொல்லித் தொலையேன்!"