கையை விடாத நூலகர்

என் கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் உங்களுக்குச் சிரமம் தரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்முனை நூலகத்தின் வாசிப்பு வட்டத்துக்கு நான் கதை கேட்க மட்டும்தான் போவேன். கட்டையான மனிதரான நூலகர், கண்ணை மூடிக்கொண்டே கதை கேட்பார். ஒருநாள் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

“சேர், நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சன்.”

“அது கதைக்குத் தெரியுமா? வாசிங்க காக்கா.”

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். எழுத்துக்கூட்டி அரைப்பக்கம் வாசித்தேன். மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுததும் வீட்டுக்கு ஓடிவிட நினைத்தேன். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தவுடன், பக்கத்தில் இருந்த அவர் முஸாபஹா செய்யக் கை நீட்டினார். பிடித்த கையை நூலகம்வரை விடவில்லை.

“மிச்சம் என்னெண்டு தெரியாம எனக்கு நித்திரை வராது.”

மிச்சத்தையும் நானே வாசித்து முடித்தேன். அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். உண்மையில் அவருக்குக் கதை தெரியாதா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

இதை எழுதியது, நோன்புப் பெருநாளைக்கு மறுநாள்.