செருப்பு மாற்ற நின்ற இல்மி

மெர்சர் ஃபால்ஸையும் லாக் ரூஜையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் இல்மி கொஸ்கெலா இருபது வருடங்களுக்கு மேல் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள். வீடோ கைப்பேசிச் சிக்னலோ இல்லாத சாலை அது. ஓரத்தில் வண்டி நின்றால் விசாரிக்காமல் நாங்கள் யாரும் தாண்டிப் போகமாட்டோம்.

இல்மிக்கும் லாக் ரூஜ் மர ஆலையில் வேலை பார்க்கும் ரெஷானுக்கும் நிச்சயித்த கல்யாணம் பனியால் இரண்டு தடவை தள்ளிப்போனது. மூன்றாவது தடவை, பனிக்கு முன்பே, செப்டம்பரில் லாக் ரூஜ் தேவாலயத்தில் வைத்தார்கள். பாஸ்டர் மூன்று மணிக்கு அங்கிருந்து மெர்சர் ஃபால்ஸில் நடக்கும் ஒரு ஞானஸ்நானத்துக்குக் கிளம்பியாக வேண்டும். இந்தத் தடவை தவறினால், அவர் மறுபடி வருவது வசந்தத்தில்தான்.

அன்று தேவாலயத்துக்குப் போகிற வழியில், வெள்ளைச் செருப்பு போட்டுக்கொள்ள இல்மி வண்டியை ஓரங்கட்டினாள். பின்னால் வந்த நான் நிறுத்தினேன்.

"என்ன கோளாறு, இல்மி?"

"ஒண்ணுமில்ல, செருப்பு மாத்துறேன். நீ போ."

அதற்குள் எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஹார்வி நிறுத்திவிட்டான். இரண்டு வண்டியைப் பார்த்து மூன்றாவது நின்றது. மூன்றைப் பார்த்தவர்கள் பெரிய விபத்து என்று பதறி இறங்கினார்கள். ஒருவர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார், இன்னொருவர் இழுவைச் சங்கிலியை எடுத்தார். இல்மியின் வண்டிக்கு முன்னும் பின்னும் வழியில்லை.

"எல்லாரும் ஒதுங்குங்கய்யா, எனக்குக் கல்யாணம்!"

"எங்களுக்கும் அதுக்குத்தான் அழைப்பு," என்றான் ஹார்வி, ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றியபடி.

மணி மூன்றாகப் போகிறது. எதிரே, இல்மியைத் தேடிக்கொண்டு தேவாலயப் பக்கமிருந்து பாஸ்டரின் கார் வந்தது. நின்றது, வேறென்ன செய்யும். பக்கத்து இருக்கையிலிருந்து ரெஷான் இறங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"மனசு மாறிட்டியோன்னு பயந்துட்டேன்."

"மாத்துனது செருப்பத்தான்."

அவன் சிரித்த சிரிப்பில் முகத்துக்கு நிறம் வந்தது.

பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மோதிரம் எங்கப்பா?"

"சட்டைப் பையில."

"ஆளுங்க எல்லாம் இங்கதான இருக்காங்க. பக்கத்துல நில்லுங்க ரெண்டு பேரும்."

பாதி ஜெபத்தில் மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப்பார்த்து, "யாருக்கு அடி?" என்றார்.

"ரெஷானுக்கு, இனிமேதான்," என்றான் ஹார்வி. அவர் என்ஜினை அணைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

முடிந்ததும் ரெஷான், "வா, போலாம்," என்றான்.

"இரு. இந்த வண்டிங்கள இப்படியே விட்டா ஒண்ணுல ஒண்ணு மோதிக்கும்."

கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நின்று, பாஸ்டரை முதலில் அனுப்பினாள். பிறகு ஒவ்வொரு வண்டியாகக் கைகாட்டினாள். கடைசி வண்டி கிளம்பும்வரை மாப்பிள்ளை ஓரத்தில் காத்திருந்தான்.